மானாவாரி நிலத்தில் மழைக்காலம்: பெங்களூரில் இருந்துகொண்டு பண்ணை தொடங்குபவர்களுக்கு

ஒயிட்ஃபீல்டிலோ எலெக்ட்ரானிக் சிட்டியிலோ வேலை பார்த்துக்கொண்டு, மாலூர், ஹொஸ்கோட்டை, ஆனேக்கல், தளி பக்கம் ஒன்றிரண்டு ஏக்கர் வாங்கிப் போட்டிருக்கும் தமிழ்க் குடும்பங்கள் இப்போது நிறைய. நிலம் கைக்கு வந்ததும் பெரும்பாலும் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "போர் எத்தனை அடி போடணும்?" என்பதுதான். கோலார் மாவட்டத்தில் ஆயிரம் அடி தாண்டியும் தண்ணீர் வராத போர்கள் இருக்கின்றன. அதனால் அந்தக் கேள்வியைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். நம் நிலத்தில் விழுகிற மழை எந்தப் பக்கமாக, எவ்வளவு வேகத்தில் வெளியே போகிறது என்று முதலில் பாருங்கள்.

கணக்கு எளிது. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். ஒரு ஏக்கர் என்பது சுமார் 4047 சதுர மீட்டர். ஒரே மாலையில் 25 மி.மீ. கொட்டினால் உங்கள் ஏக்கரில் விழுவது ஒரு லட்சம் லிட்டர். கோலார் பக்கம் ஆண்டுக்கு 700 மி.மீ. சொச்சம் பெய்யும், 750 என்று வைத்தால் ஏக்கருக்கு முப்பது லட்சம் லிட்டர். பெங்களூரில் நாம் விலைக்கு வாங்கும் 6000 லிட்டர் டேங்கர் கணக்கில் 500 லோடு. இத்தனையும் இலவசமாக வருகிறது. செம்மண் மேடாக, மொட்டையாக, இறுகிப்போய்க் கிடக்கிற நிலத்தில் அதில் பெரும்பங்கு மேல்மண்ணையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய்விடும். மழைக்காலத்தில் பண்ணை நடத்துவது என்றால் முதல் வேலை அதை நிறுத்துவது. பயிர் அதற்கு அப்புறம்தான்.

இங்கே மழை எப்போது

தஞ்சாவூர், மதுரை, திருநெல்வேலியில் இருந்து வந்தவர்கள் ஐப்பசி–கார்த்திகை அடைமழையை மனதில் வைத்துக்கொண்டு திட்டம் போடுகிறார்கள். இங்கே கதை வேறு. ஏப்ரல், மே மாதங்களில் மாலை நேரத்து இடிமழை. அரை மணி நேரத்தில் கொட்டித் தீர்த்துவிடும். ஜூன், ஜூலையில் தென்மேற்குப் பருவக்காற்று வரும், ஆனால் இந்தப் பக்கத்துக்குப் பெரும்பாலும் மேகமும் காற்றும் தூறலும்தான் மிஞ்சும். ஜூலை, ஆகஸ்டில் நடுநடுவே இரண்டு மூன்று வாரம் சொட்டுக்கூட விழாத இடைவெளி வரும். பெரிய மழை செப்டம்பரிலும் அக்டோபரிலும்.

பக்கத்து நிலத்துக்காரர்கள் மழையை நட்சத்திரப் பெயரால் சொல்வார்கள்: மே கடைசியில் ரோகிணி மழை, ஜூன் முதல் பாதியில் மிருகசீரிடம், ஜூன் கடைசியில் ஆருத்ரா (நம் திருவாதிரை), ஆகஸ்ட் தொடக்கத்தில் ஆயில்யம். ஒவ்வொன்றும் பதின்மூன்று பதினான்கு நாள். இதைத் தெரிந்துகொண்டு பேசினால் அவர்களும் மனம்விட்டுப் பேசுவார்கள். கோலார் பக்கம் கன்னடம், தெலுங்கு, தமிழ் மூன்றும் கலந்து புழங்கும். தங்கவயலைச் சுற்றி நம்மவர்களே நிறைய. ஆனாலும் பத்துக் கன்னட வார்த்தையாவது கற்றுக்கொண்டு போவது மரியாதை. "போன வருஷம் எந்த மழையில் விதைச்சீங்க அண்ணா?" என்ற ஒரு கேள்விக்கு வரும் பதில், செல்போனில் பார்க்கும் எந்த வரைபடத்தையும் விட உங்கள் ஊருக்குப் பொருந்தும்.

மழையை நீங்களே அளக்கவும் வேண்டும். கருவி வாங்க வேண்டாம். அடியும் வாயும் ஒரே அகலமாக, பக்கச்சுவர் நேராக இருக்கும் டப்பா ஒன்றைத் திறந்தவெளியில், மரத்துக்கும் கூரைக்கும் தள்ளி, ஒரு கல்மேல் வையுங்கள். காலையில் உள்ளே ஸ்கேலை விட்டுப் பாருங்கள். ஒரு சென்டிமீட்டர் தண்ணீர் நின்றால் பத்து மி.மீ. மழை. தேதி போட்டு நோட்டில் எழுதுங்கள். நீங்கள் வாரக்கடைசியில் மட்டும் போகிறவர் என்றால், நிலத்தில் இருக்கும் அண்ணனோ அக்காவோ இதை எழுதட்டும்.

மழைக்கு முன்: மட்டம் பிடித்தல்

இந்த ஒரு வேலையை ஒழுங்காகச் செய்துவிட்டால் மீதி எல்லாம் திருத்திக்கொள்ளக் கூடியது. இதில் தவறினால் ஒவ்வொரு மழையும் உங்களுக்கு எதிராக வேலை செய்யும்.

சித்திரை வெயிலில், நிலம் காய்ந்து கிடக்கும்போது, சம உயரக் கோடுகளைக் குறிக்க வேண்டும். அதற்கு ஏ வடிவச் சட்டம் போதும். ஏழடி நீளத்தில் இரண்டு கம்பு, மேலே சேர்த்துக் கட்டி, நடுவில் குறுக்கே ஒரு கம்பு. உச்சியிலிருந்து ஒரு கயிறு, அதன் நுனியில் ஒரு கல். சட்டத்தை ஓரிடத்தில் நிறுத்தி, இரண்டு கால்களும் நிற்கும் இடத்தில் முளை அடியுங்கள். கயிறு குறுக்குக் கம்பைத் தொடும் இடத்தில் ஒரு கோடு. அப்புறம் சட்டத்தைத் திருப்பி, இடக்கால் இருந்த இடத்தில் வலக்காலும் வலக்கால் இருந்த இடத்தில் இடக்காலும் வருமாறு நிறுத்தி, மறுபடி ஒரு கோடு. இரண்டு கோட்டுக்கும் நட்ட நடுவில் மூன்றாவது கோடு போட்டால் அதுதான் மட்டம். இனி ஒரு காலை ஊன்றி, மறுகாலை மேலும் கீழும் நகர்த்தி, கயிறு நடுக்கோட்டில் வந்து நிற்கும் இடத்தில் முளை அடித்துக்கொண்டே போங்கள். கொத்தனார்கள் வைத்திருக்கும் டியூப் லெவலும் ஆகும், ஆனால் அதற்கு இரண்டு பேர் வேண்டும், குழாயில் காற்றுக்குமிழி இருக்கக் கூடாது. காற்று பலமாக அடிக்கும் நாளில் ஏ சட்டத்தைத் தொடாதீர்கள், கல் ஆடிக்கொண்டே இருக்கும்.

முளை வரிசை வளைந்து வளைந்து போகும். "நேராக வெட்டினால் பார்க்க அழகாக இருக்குமே" என்று ஜேசிபி ஓட்டுநர் சொல்வார். விடாதீர்கள். அந்த வளைவுதான் நிலத்தின் மட்டம்.

அந்தக் கோட்டில் இரண்டடி அகலம், ஒன்றரை அடி ஆழத்தில் அகழி. எடுத்த மண் சரிவின் கீழ்ப்பக்கம் வரப்பாக. நூறடி நீள அகழி நிரம்பினால் சுமார் 8500 லிட்டர் நிற்கும். முன்னே சொன்ன ஒரு லட்சம் லிட்டரில் மூன்றில் ஒரு பங்கு ஓடிவருகிறது என்றால், ஏக்கருக்கு அப்படி நான்கு அகழி அதைப் பிடித்துவிடும். நிலம் இரண்டு மூன்றடி இறங்கும் இடத்துக்கெல்லாம் ஒன்று என்று வைத்தால் ஏறக்குறைய இந்தக் கணக்குக்கு வரும். செங்குத்தான சரிவிலும், வீட்டுக்கோ பழைய கிணற்றுக்கோ நேர் மேலேயும் வெட்ட வேண்டாம்.

வழிகால் (நிரம்பிய தண்ணீர் வழிந்து வெளியேறும் வாய்) வைக்காத அகழி ஆபத்து. ஒவ்வொரு அகழிக்கும் ஒரு முனையில், வரப்பின் உச்சியை விட அரையடி தாழ்வாக, நான்கைந்து அடி அகலத்துக்கு ஒரு தணிந்த வாய் விட்டு, அங்கே கல் பதித்து, ஓரத்தில் வெட்டிவேர் நட வேண்டும். வாய் குறுகலாக இருந்தால் தண்ணீர் அறுத்துக்கொண்டு போகும். அகலமாக, சமமாக இருந்தால் மெல்லப் பரவி அடுத்த அகழிக்கு இறங்கும். வழிகாலை ஒரு அகழிக்கு இடப்பக்கம், அடுத்ததற்கு வலப்பக்கம் என்று மாற்றி வைத்தால் தண்ணீர் நிலத்தை முழுக்க நடந்து கடந்துதான் வெளியே போகும்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். உங்கள் நிலத்தின் ஊடாகவோ ஓரமாகவோ ராஜகாலுவே போனால் அதை அடைக்கக் கூடாது, திருப்பவும் கூடாது. அது கீழே இருக்கிற ஏரிக்குப் போகும் வாய்க்கால். நம் நிலத்தில் விழுந்ததைப் பிடிப்பது நம் உரிமை. மேலிருந்து வந்து ஏரிக்குப் போகும் தண்ணீர் ஊருடையது. பாலாறும் தென்பெண்ணையும் நந்தி மலைப் பக்கத்தில்தான் பிறக்கின்றன. ஹொஸ்கோட்டைப் பக்கம் ஓடையில் இறங்கும் தண்ணீர் ஓசூர் கெலவரப்பள்ளி அணைக்கும், கிருஷ்ணகிரிக்கும், சாத்தனூருக்கும் போகிறது. வழிகால் வழியே நாம் வெளியே அனுப்பும் தண்ணீரில் மண்ணும் மருந்தும் இல்லாமல் பார்த்துக்கொள்வது அந்த ஊர்களுக்கு நாம் செய்ய வேண்டியது.

வாங்கிய நிலம் பழைய நீலகிரித் தோப்பு (யூகலிப்டஸ், நம் தைலமரம்) என்றால் கூடுதல் வேலை உண்டு. கர்நாடக அரசு 2017-ல் புதிதாக நீலகிரி நடுவதைத் தடை செய்தது, ஆனால் பழைய கட்டைகள் இன்னும் நிலமெங்கும் இருக்கின்றன. வெட்டிவிட்டால் மழைக்கு மறுபடி துளிர்க்கும். வேரோடு பெயர்த்தெடுக்க வேண்டும், அதுவும் மே மாதத்துக்குள். அப்படிப்பட்ட மண்ணில் முதல் வருடம் மண்ணைத் தேற்றும் விதைப்பு மட்டும் போதும் என்பது என் கருத்து.

பழமரக் குழிகளையும் இப்போதே எடுத்துவிடுங்கள். மாமரத்துக்கு மூன்றடிக் குழி, ஒரு மாதம் வெயில் பட்டுக் கிடக்கட்டும்.

முதல் இடிமழை

மே மாதத்தில் ஒரு நல்ல மழை பெய்த மறுநாள் காலை, மண்வெட்டியால் ஒரு சாண் வெட்டிப் பாருங்கள். மேலே ஈரம், கீழே புழுதி என்றால் காத்திருங்கள். ஈரம் கீழ்வரை இறங்கியிருந்தால் ஒரு கைப்பிடி மண்ணை எடுத்துப் பிடியுங்கள். உருண்டையாக நின்று, கீழே போட்டால் உடைந்தால் விதைப்புக்குப் பதம். கையில் ஒட்டிப் பிசுபிசுத்தால் யாரும் நிலத்தில் இறங்க வேண்டாம், டிராக்டர் இறங்கவே கூடாது. ஈரச் செம்மண்ணில் டயர் போன தடம் காய்ந்தால் கல்லாகிவிடும்.

உழவே கூடாது என்று சிலர் பிடிவாதமாக இருப்பார்கள். பல வருடம் சும்மா கிடந்து இறுகிய மண்ணில் முதல் வருடம் ஒரு மேலோட்டமான உழவு தப்பில்லை. சரிவுக்குக் குறுக்கே, அகழிக்கோட்டை ஒட்டி உழ வேண்டும். சரிவோடு உழுதால் ஒவ்வொரு சாலும் ஒரு வாய்க்கால்.

இந்த ஈரத்தில் இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் ஐயா தமிழ்நாடெங்கும் எடுத்துச் சொன்ன பலதானிய விதைப்பைச் செய்யுங்கள். சோளம், கம்பு, தினை; உளுந்து, தட்டைப்பயறு, கொள்ளு; எள், ஆமணக்கு, நிலக்கடலை; சணப்பு, தக்கைப்பூண்டு, கொளுஞ்சி; கடுகு, கொத்தமல்லி, வெந்தயம். ஏக்கருக்கு எல்லாம் சேர்த்து இருபது, இருபத்தைந்து கிலோ. சின்ன விதைகளை மணலோடு கலந்து தனியாகத் தூவினால்தான் சீராக விழும். பூ எடுக்கும் நேரத்தில், ஐம்பது அறுபது நாளில், வெட்டி அப்படியே மண்மேல் மூடாக்காகப் போட்டுவிட வேண்டும். காய்க்கட்டும் என்று ஆசைப்பட்டு விட்டால் மண்ணுக்குப் போக வேண்டியது விதைக்குப் போய்விடும்.

உயிர்வேலிக்கும் இதுதான் நேரம். கிளைரிசிடியா, கிளுவை, முருங்கைப் போத்துகளை வெட்டி ஓரடி ஆழத்தில் ஊன்றி, சுற்றிலும் மிதித்து இறுக்குங்கள். கிளைரிசிடியா பின்னால் வருடம் முழுக்கத் தழை தரும்.

இடி இடிக்கும்போது மட்டும் நிலத்தில் நிற்காதீர்கள், தனிமரத்தடியில் ஒதுங்காதீர்கள். தாமினி செயலி பக்கத்தில் மின்னல் விழும் எச்சரிக்கையைத் தரும்; நிலத்தில் வேலை செய்பவரின் போனிலும் போட்டுக் கொடுங்கள்.

மழையில் நடப்பது

மின்னல் இல்லாத மழையில், குறிப்பாக முதல் இரண்டு மூன்று பெருமழையில், பூட்ஸ் போட்டுக்கொண்டு மண்வெட்டியோடு நிலத்தைச் சுற்றி வாருங்கள். இதற்கு ஒரு நாள் லீவு போட்டாலும் தகும். தண்ணீர் எங்கே நுழைகிறது, எங்கே கலங்கலாக ஓடுகிறது, எந்த அகழியில் ஒரு முனை நிரம்பி மறுமுனை காய்ந்து கிடக்கிறது என்பதெல்லாம் வெயிலில் தெரியாது. வரப்பில் ஒரு விரல் அகலத்தில் கசிவு தெரிந்தால் அந்த இடத்திலேயே மண்ணை வெட்டிப் போட்டு மிதித்துவிடுங்கள். அரை மணி நேரம் விட்டால் அது முழங்கால் அகலத்துக்கு உடையும், உடைந்த தண்ணீர் கீழே உள்ள வரப்புகளையும் வரிசையாக உடைக்கும். ஓட்டம் வேகமாக இருக்கும் இடத்தில் ஒரு முளை அடித்துவிட்டு வாருங்கள். காய்ந்த பிறகு அங்கே கல்லை அடுக்கலாம்.

மழை நின்றபின் அகழியில் தண்ணீர் எவ்வளவு நேரம் நிற்கிறது என்றும் கவனியுங்கள். செம்மண்ணில் பெரும்பாலும் ஒரு நாளில் இறங்கிவிடும். மூன்று நாளுக்கு மேல் நின்றால் கீழே இறுகல் இருக்கிறது. கடப்பாறையால் அங்கங்கே குத்தி விடுங்கள், பக்கத்தில் பப்பாளி வைக்காதீர்கள்.

ஆனி, ஆடி

இரண்டு மூன்று நல்ல மழைக்குப் பிறகு மரக்கன்று நடலாம். அகழிக்குள் நடுவதல்ல, வரப்பின் கீழ்ச்சரிவில். கன்றின் கீழ்ப்பக்கம் அரைவட்டமாகக் கரை வைத்து ஒரு பாத்தி கட்டினால் ஓடிவரும் தண்ணீர் அங்கே நிற்கும். மூடாக்கு கனமாகப் போடுங்கள், தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளி. ஒட்டிப் போட்டால் தண்டு அழுகும், கரையானும் ஏறும். பப்பாளியும் முருங்கையும் மேட்டில்தான். வனத்துறை நாற்றங்கால்களில் மழைக்காலத்தில் குறைந்த விலைக்குப் புங்கன், நாவல், பலா, வேம்பு கிடைக்கும். பன்னேருகட்டா, ஆனேக்கல், தளி பக்கம் என்றால் பலாவும் வாழையும் வைக்கும் முன் யானைத் தடத்தை ஊரில் விசாரித்துவிடுங்கள்.

ஆடிப்பட்டம் இந்த மண்ணுக்கும் பொருந்தும். ஜூலை நடுவில் பலதானியத்தை வெட்டிப் போட்டபின் ராகி. சாலில் விதைத்தால் ஏக்கருக்கு நான்கு கிலோ, நாற்று நட்டால் இரண்டு கிலோ விதை போதும். நீண்ட வயது ராகியை ஜூலைக்குள், நடுத்தர வயதை ஆகஸ்ட் நடுவுக்குள். பெங்களூர் ஜிகேவிகே வளாகத்தில் உள்ள வேளாண் பல்கலைக்கழகம் வெளியிட்ட ஜிபியு 28 இந்தப் பக்கம் நன்றாகத் தெரிந்த ரகம். விதையையும் ஆலோசனையையும் அங்கே நேரில் போய்க் கேட்கலாம்.

ராகியை மட்டும் தனியாக விதைக்காதீர்கள். இங்கே உள்ள பழைய முறைக்கு அக்கடி சாலு என்று பெயர். எட்டுச் சால் ராகிக்கு ஒன்று அல்லது இரண்டு சால் துவரை அல்லது அவரை, ஓரங்களில் ஆமணக்கு, கடுகு, பேயெள்ளு. இந்த ஊர்க்காரர்கள் பல தலைமுறையாகச் செய்துவரும் பல்லடுக்கு விவசாயம் இது. பெர்மாகல்ச்சர் (நிலைத்த வேளாண்மை) வகுப்பில் நாம் காசு கொடுத்துக் கற்பதில் பெரும்பகுதி பக்கத்து நிலத்திலேயே இருக்கிறது என்பதை நான் உறுதியாக நம்புகிறேன். அதில் ஒரு நுட்பம் உண்டு: நாட்டு அவரை பகல் குறுகும்போதுதான் பூக்கும். ராகி நவம்பரில் அறுவடையாகும்போது அவரை அப்போதுதான் பூவெடுத்து, மார்கழிப் பனியில் காய்க்கும். பெங்களூர்த் தெருவெல்லாம் மணக்கும் அவரைக்காய் அதுதான்.

மழை நின்றுபோகும் வாரங்கள்

ஜூலை, ஆகஸ்டில் வரும் வறண்ட இடைவெளியில்தான் புதியவர்கள் மனம் தளர்கிறார்கள். ராகி வெயிலில் வாடி மாலையில் நிமிர்ந்தால் பயப்பட வேண்டாம், அது தாங்கும். வரிசைகளுக்கு நடுவே குண்டே (மேல்மண்ணைக் கீறிவிடும் கருவி) ஓட்டி மேல்மண்ணைப் பொடியாக்குங்கள். மேலே வெடித்த மண் மூடிக்கொண்டால் அடியில் உள்ள ஈரம் ஆவியாவது குறையும். கையில் இருக்கும் தண்ணீர் மரக்கன்றுகளுக்கு.

பண்ணைக் குட்டை உதவுவது இப்போதுதான். தார்ப்பாய் விரித்த குட்டை என்றால் கண்டிப்பாக வேலி வேண்டும், நான்கு பக்கமும் முடிச்சுப் போட்ட கயிறு உள்ளே தொங்க வேண்டும். அந்தப் பாயில் கால் வழுக்கினால் நீச்சல் தெரிந்தவராலும் ஏறி வர முடியாது. குழந்தைகளைக் கூட்டிப்போகும் வாரக்கடைசிப் பண்ணையில் இதைத் தள்ளிப் போடாதீர்கள்.

ஜீவாமிர்தம் ஈரத்தில்தான் வேலை செய்யும், ஆகவே தூறல் விழுந்த மறுநாள் விடுங்கள். 200 லிட்டர் தண்ணீர், 10 கிலோ சாணம், 5 முதல் 10 லிட்டர் கோமியம், 2 கிலோ வெல்லம், 2 கிலோ பயறு மாவு, ஒரு பிடி மண். நிழலில் வைத்துத் தினம் இரண்டு வேளை கிளறினால் இரண்டு மூன்று நாளில் ஆகிவிடும். இது மூடாக்குக்கும் மட்குக்கும் மாற்றாகாது.

பார்த்தீனியத்தைப் பூக்கும் முன் பிடுங்கினால் நல்ல மூடாக்கு. கையுறை அவசியம்.

பெருமழை

செப்டம்பர் வந்தால் கவலை தலைகீழாக மாறும். வழிகால்களில் அடைத்திருக்கும் தழை, வண்டல் எல்லாவற்றையும் ஆகஸ்ட் கடைசியிலேயே எடுத்துவிடுங்கள். தண்ணீர் தேங்கும் கன்றுகளுக்குப் பாத்தியின் கீழ்ப்பக்கத்தை வெட்டி வடிய விடுங்கள். ஈர மூடாக்கில் ஆப்பிரிக்க நத்தை சேரும். இரவில் ஈரச் சாக்கின் கீழ் பப்பாளி இலையைப் போட்டு வைத்தால் காலையில் கூடியிருக்கும், கையுறையோடு பொறுக்கி உப்புத் தண்ணீரில் போடலாம். எந்தக் குவியலிலும் கையை விடும் முன் ஒரு கம்பால் தட்டுங்கள். கண்ணாடி விரியன் இந்தப் பக்கம் உண்டு. கடித்தால் கட்டுப் போடாமல், கீறாமல், ஆளை அசையாமல் வைத்து நேராக விஷமுறிவு மருந்து இருக்கும் மருத்துவமனைக்கு. அது எந்த மருத்துவமனை என்பதை மே மாதமே விசாரித்து, எண்ணைக் கொட்டகைச் சுவரில் எழுதி வையுங்கள்.

ராகி விதைக்க முடியாமல் மழை ஏமாற்றிய துண்டு இருந்தால், செப்டம்பர் ஈரத்தில் கொள்ளு தூவுங்கள். பனியிலேயே வளர்ந்துவிடும்.

நவம்பரில் ராகியை அறுத்தபின் தட்டையை எல்லாம் விற்றுவிட வேண்டாம். மாட்டுக்குப் போக மீதி நிலத்திலேயே கிடக்கட்டும், அடுத்த ஐந்து மாத வெயிலுக்கு மண்ணை மூட வேறு எதுவும் இருக்காது. நல்ல கதிர்களாகத் தேர்ந்தெடுத்து விதைக்குத் தனியாகக் காயவையுங்கள். அகழிகள் காய்ந்ததும் அடியில் படிந்த வண்டலை அள்ளி மரப்பாத்திகளில் போட்டு, உடைந்த வழிகால் கல்லைத் திரும்ப அடுக்கி, மழை நோட்டைப் பார்த்துக்கொண்டே எந்த அகழி போதவில்லை என்று குறித்து, அங்கே இன்னொன்று வெட்ட ஜனவரியிலேயே முளை அடித்துவிடுங்கள்.